மேலே சூடு, கீழே பனி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், “வடதுருவத்துக்கு மேலே உயர்வெளிக் காற்று திடீரெனச் சூடேறினால், சில வாரங்களில் ஐரோப்பாவில் பனி கொட்டக்கூடும்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்கு நகர்ந்தது என் தவறு. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிரப்பிவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு கேள்விகளுக்கு இடமில்லை. மற்ற வாசகர்கள் பொறுத்தருள்க.

காற்று சூடானால் குளிர் குறையத்தானே வேண்டும்? சூடேறியதால் பனி கொட்டுகிறது என்பது எப்படிப் பொருந்தும்?
– கல்லூரி மாணவி, நாமக்கல்

சூடேறுவது ஓரிடம், குளிர்வது வேறிடம். மழை, மேகம், புயல் என்று நாம் வானிலையாக அறிந்திருப்பவை அனைத்தும் துருவப் பகுதியில் சுமார் 8 அல்லது 9 கி.மீ. உயரத்துக்குள்ளும், நம் பக்கத்தில் 16, 17 கி.மீ. உயரத்துக்குள்ளும் அடங்கிவிடுகின்றன. அதற்கு மேலே 50 கி.மீ. வரை விரிந்திருப்பது அடுக்கு மண்டலம்; பள்ளிப் பாடநூலில் இதை ‘மீள் அடுக்கு’ என்று படித்திருப்பீர்கள். நான் சொன்ன வெப்பமேற்றம் நிகழ்வது அங்கே, தரையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில். அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குதான்.

குளிர்காலத்தில் வடதுருவத்தில் மாதக்கணக்கில் சூரியன் உதிப்பதில்லை. வெயில் படாத அந்த உயரத்துக் காற்று மைனஸ் 70, மைனஸ் 80 டிகிரி வரை குளிர்ந்துபோகிறது. தெற்கே வெயில் படும் பகுதிக்கும் இருண்டு கிடக்கும் துருவத்துக்கும் இடையே இப்படி ஏற்படும் வெப்பநிலை வேறுபாட்டாலும், பூமியின் சுழற்சியாலும், துருவத்தைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகப் பெரும் காற்று வளையம் ஒன்று உருவாகிறது. அதுவே துருவச் சுழல். மணிக்கு 100 கி.மீ.க்கு மேலான வேகத்தில், சில நாட்களில் 200 கி.மீ.யையும் தாண்டி, இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தம் வரை அது சுற்றிக்கொண்டிருக்கும். வேகமாகச் சுழலும் பம்பரம் நின்ற இடத்தில் நிலைத்து நிற்பதைப் போல, இந்தச் சுழல் வலுவாக இருக்கும் வரை அதன் கீழே, வானிலை நிகழும் அடுக்கின் உச்சியில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டமும் பெரும்பாலும் வடக்கே ஒதுங்கி, நேராக ஓடுகிறது. ஆர்க்டிக்கின் குளிரும் ஆர்க்டிக்கிலேயே அடைபட்டுக் கிடக்கிறது.

சில குளிர்காலங்களில் இந்தப் பம்பரம் தள்ளாடுகிறது. சுழல் துருவத்தைவிட்டு ஒருபக்கமாக நகர்ந்துவிடும்; அல்லது நடுவில் இடுப்பொடிந்து இரண்டு துண்டாகிவிடும். அப்போது ஒரு வாரத்துக்கும் குறைவான நாட்களில் துருவத்தின் மேலே 30 முதல் 50 டிகிரி வரை வெப்பநிலை ஏறுகிறது. ‘சூடு’ என்றதும் சட்டையைக் கழற்ற வேண்டாம்: மைனஸ் 70இல் இருந்தது மைனஸ் 30க்கோ மைனஸ் 20க்கோ வருவதைத்தான் இங்கே சூடு என்கிறோம். வடக்கே 60 டிகிரி அட்சக்கோட்டில், 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்தமுள்ள, அதாவது முன்பு சொன்ன 30 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து வீசும் வழக்கமான மேல்காற்று நின்று, கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்றாகத் திசை மாறிவிட்டால், அதைப் ‘பெரும் வெப்பமேற்றம்’ என்று வானிலையாளர்கள் பதிவு செய்கிறார்கள். சராசரியாகப் பத்து ஆண்டுகளில் ஆறு முறை இது நடக்கிறது.

இந்த நிலைகுலைவு அடுத்த ஓரிரு வாரங்களில் மேலிருந்து கீழாக இறங்கி, 10, 15 கி.மீ. உயரத்தை அடைகிறது. 30 கி.மீ. உயரத்தில் ஏற்பட்ட குழப்பம் சீக்கிரம் சரியாகிவிட்டாலும், கீழே இறங்கிய குழப்பம் வாரக்கணக்கில் தங்குகிறது. அந்த அடர்ந்த காற்று தன் பழைய வெப்பநிலைக்குத் திரும்பத் தாமதமாகிறது என்பதே காரணம். துருவத்தில் தரைமட்டக் காற்றழுத்தம் கூடுகிறது. ஜெட் காற்றோட்டம் தெற்கே சரிந்து, வளைந்து நெளிந்து ஓடத் தொடங்குகிறது. அதன் வளைவுகளுக்குள் புகுந்து ஆர்க்டிக் குளிர்காற்று வட ஐரோப்பாவுக்கும், வட ஆசியாவுக்கும், சில வேளைகளில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கும் இறங்கிவருகிறது. புதிதாகக் குளிர் பிறப்பதில்லை, இருந்த குளிர் இடம் மாறுகிறது. அதனால்தான் அதே வாரங்களில் கிரீன்லாந்தில் வழக்கத்தைவிடக் குளிர் குறைந்துவிடுகிறது.

அடுக்கு மண்டலம் சூடாக இருப்பதற்கு ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதே காரணம் என்று முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன். சூரியனே இல்லாத துருவ இரவில் அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது?
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தென்காசி

ஐயா, நீங்கள் நடத்திய பாடத்தில் பிழை ஏதுமில்லை. இந்த நிகழ்வுக்கு மட்டும் அது பொருந்தாது. இங்கே ஓசோனுக்கும் வேலையில்லை, வெயிலுக்கும் வேலையில்லை. காற்று அமுக்கப்படுவதால் வரும் வெப்பம் இது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சுடுமல்லவா, அந்தச் சூடேதான்.

கணக்கும் எளிது. ஈரமில்லாத காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கினால், அழுத்தம் கூடி, ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். துருவத்தின் மேலுள்ள காற்றுத்திரள் சில நாட்களில் நான்கு கிலோமீட்டர் இறங்கினாலே 40 டிகிரிக்குக் கணக்குச் சரியாகிவிடும். இறங்கும்போதே ஓரளவு வெப்பம் விண்வெளிக்குக் கதிர்வீச்சாகப் போய்விடும் என்றாலும், இறக்கம் அவ்வளவு வேகமாக நடப்பதால் அந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை.

அப்படியானால் அந்தக் காற்றைக் கீழே அழுத்துவது எது என்று அடுத்த கேள்வியைக் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இந்தத் துறையின் மையமே அதுதான். மேற்கிலிருந்து வீசும் காற்று இமயமலை, திபெத் மேட்டுநிலம், ராக்கி மலைத்தொடர் ஆகியவற்றில் மோதி ஏறி இறங்கும்போதும், குளிர்ந்த நிலப்பரப்பிலிருந்து வெதுவெதுப்பான கடற்பரப்புக்குச் செல்லும்போதும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள அலைகள் அதில் உண்டாகின்றன. இவற்றை ராஸ்பி அலைகள் அல்லது கோள் அலைகள் என்பார்கள். மேல்காற்று வீசும் வரை, அதுவும் அளவுக்கு மீறிய வேகத்தில் வீசாத வரை, இவற்றுள் மிக நீளமானவை மட்டும் மேலே ஏறி அடுக்கு மண்டலத்தை எட்டும் என்பதை 1961இல் சார்னியும் டிராசினும் காட்டினார்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிவதால் அலையின் வீச்சு பெருத்துக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்தில், கரையை நெருங்கிய கடலலை மடிந்து விழுவதைப் போல இவையும் உடைந்து விழுகின்றன. உடையும் அலை மேல்காற்றுக்கு எதிர்த்திசையில் தள்ளுவிசை கொடுக்கிறது. வேகம் இழந்த காற்று வளையம் துருவத்தை நோக்கிச் சரிகிறது, அங்கே குவிந்த காற்று கீழே இறங்குகிறது, இறங்குவதால் சூடாகிறது. இந்தச் சங்கிலியை முழுதாகக் கோத்து, கணக்கீட்டின் வழியாக ஒரு வெப்பமேற்றத்தையே உருவாக்கிக் காட்டியவர் ஜப்பானிய அறிவியலாளர் தாரோ மட்சுனோ, ஆண்டு 1971.

ஆக, துருவத்தின் மேலே ஏறும் சூட்டில் இமயமலைக்கும் பங்குண்டு. பாடநூலில் சேர்க்கத் தகுந்த செய்தி இது என்பது என் எண்ணம்.

இந்த நிகழ்வை முதலில் கண்டவர் யார் என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஷெர்ஹாக். போர் முடிந்து ஏழே ஆண்டுகளாகியிருந்த பெர்லின் நகரின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்திலிருந்து, வெப்பநிலையை அளந்து வானொலி வழியாகக் கீழே அனுப்பும் கருவிகளைக் கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டு வந்தார்கள். 1951–52 குளிர்காலத்தில், 30 கி.மீ. அளவிலான உயரத்தில் சில நாட்களுக்குள் பல பத்து டிகிரி ஏறியதை அந்தப் பலூன்கள் காட்டின. குளிர்காலத்தின் நடுவே இப்படி ஓர் ஏற்றத்தை அதுவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. ‘வெடிப்பைப் போன்ற வெப்பமேற்றம்’ என்றே ஷெர்ஹாக் அதற்குப் பெயரிட்டார். ‘பெர்லின் நிகழ்வு’ என்ற பெயரும் நெடுநாள் வழங்கியது.

2018 மார்ச் முதல் நாள். எங்கள் தெருவில் பனி குவிந்து, ரயிலும் ஓடாமல், பிள்ளைகளோடு வீட்டுக்குள் கிடந்தோம். ‘கிழக்கிலிருந்து வந்த விலங்கு’ என்று செய்தியில் சொன்னார்களே, அதுவும் இதுதானா?
– இல்லத்தரசி, ஹாரோ, இலண்டன்

ஆம் அம்மா, பாடப்புத்தகத்தில் அச்சிடலாம் போன்ற எடுத்துக்காட்டு அது. நாட்களை வரிசையாகப் பாருங்கள். 2018 பிப்ரவரி 12ஆம் நாள் வடதுருவத்தின் மேலே 10 ஹெக்டோபாஸ்கல் உயரத்தில் காற்று திசை மாறியது; துருவச் சுழல் இரண்டாகப் பிளந்தது. அன்று உங்கள் ஊரில் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து, ஸ்காண்டிநேவியாவின் மேல் உயரழுத்தம் ஒன்று சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அதன் தெற்கு விளிம்பைச் சுற்றிக்கொண்டு, அட்லாண்டிக் கடலிலிருந்து வழக்கமாக வரும் ஈரமான மேல்காற்றுக்குப் பதிலாக, ரஷ்யாவின் உறைந்த சமவெளிக் காற்று கிழக்கிலிருந்து உங்கள் ஊருக்கு வந்தது. பிப்ரவரி 26 அன்று ரோம் நகரில் பனி பெய்தது. 28 அன்று ஸ்காட்லாந்துக்குச் சிவப்பு எச்சரிக்கை. மார்ச் 1 அன்று, நாட்டின் எரிவாயு இருப்பு அன்றைய தேவைக்குப் போதாது என்று பிரிட்டனின் தேசிய மின், எரிவாயு விநியோக அமைப்பே அறிவிக்கும் நிலை வந்தது. அதே நாளில் தெற்கிலிருந்து வந்த ‘எம்மா’ புயலின் ஈரம் அந்தக் குளிர்காற்றின் மேல் ஏறவே, பனி இன்னும் கனத்தது. இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த அதே பிப்ரவரி இறுதியில், கிரீன்லாந்தின் வடகோடியான மோரிஸ் ஜெசப் முனையில், சூரியனே சரியாக எட்டிப்பார்க்காத இடத்தில், வெப்பநிலை உறைநிலைக்கு மேலே நின்றது.

இத்தனை ஒழுங்காக எல்லா முறையும் நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். மூன்றில் இரண்டு வெப்பமேற்றங்களின் தாக்கமே தரைமட்டம் வரை தெளிவாக இறங்குகிறது. மூன்றாவது மேலேயே அடங்கிவிடுகிறது. இறங்கினாலும் குளிர் எந்த நாட்டின் மேல் விழும் என்பதை ஜெட் காற்றோட்டத்தின் அப்போதைய வளைவுதான் தீர்மானிக்கும். வெப்பமேற்றத்தையே ஒன்று முதல் இரண்டு வாரம் முன்னதாகத்தான் கணிக்க முடிகிறது. ஆனால் அது நடந்துவிட்டால், அடுத்த இரண்டு மாதம் வரை வட ஐரோப்பாவில் குளிருக்கான வாய்ப்பு கூடியிருக்கிறது என்று சொல்ல முடியும். பால்ட்வின், டங்கர்டன் இருவரும் 2001இல் பல ஆண்டு அவதானிப்புகளைச் சேர்த்து நிறுவியது இதைத்தான். பத்து நாளுக்கு மேல் வானிலையைக் கணிப்பதே பெரும்பாடு என்ற துறையில், இரண்டு மாதத்துக்கு ஒரு சாய்வாவது கிடைக்கிறது என்பது சிறிய காரியமன்று. சாய்வை வாக்குறுதியாக்கித் தலைப்பிடும் செய்தித்தாள்களோடுதான் எனக்கு வழக்கு.

2014 ஜனவரியில் இங்கே தாங்க முடியாத குளிர். ‘துருவச் சுழல் உடைந்துவிட்டது’ என்று தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் சொன்னார்கள். நீங்கள் சொல்லும் வெப்பமேற்றம் அந்த ஆண்டு எந்த நாளில் நடந்தது?
– டாக்சி ஓட்டுநர், ஸ்கார்பரோ, டொராண்டோ

எந்த நாளிலும் நடக்கவில்லை. 2013–14 குளிர்காலத்தில் பெரும் வெப்பமேற்றம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் அனுபவித்த குளிர் மெய்யானது. அதற்கு ஒட்டிய பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம்.

‘துருவச் சுழல்’ என்று இரண்டு பொருள்களைக் குறிக்கிறார்கள். ஒன்று, 15 முதல் 50 கி.மீ. உயரத்தில், குளிர்காலத்தில் மட்டும் உருவாகும் வளையம். இந்தப் பக்கத்தில் நாம் பேசிவருவது அதைத்தான். மற்றொன்று, அதற்குக் கீழே, வானிலை நிகழும் உயரத்திலேயே ஆண்டு முழுதும் துருவத்தைச் சுற்றி ஓடும் பெரிய காற்றோட்டம். ஜெட் காற்றோட்டம் அதன் விளிம்பு. இந்தக் கீழ்ச்சுழலின் ஒரு மடல் தெற்கே தொங்கிக் கனடாவையும் அமெரிக்க மத்திய மாநிலங்களையும் மூடுவது, மேலே எதுவும் உடையாமலே அடிக்கடி நடக்கக்கூடியது. 2014 ஜனவரியில் நடந்தது அதுவே. அந்த மாதத்தில்தான் இந்தத் தொடர் செய்தியாளர் நாவில் ஏறியது. அன்று முதல் வட அமெரிக்காவில் எந்தக் குளிர் வந்தாலும் பழி துருவச் சுழல் மேல் விழுகிறது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்துபோனதையும் பலர் இதில் சேர்க்கிறார்கள். அந்த ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் பெரும் வெப்பமேற்றம் நடந்தது உண்மை. ஆனால் டெக்சாஸ் குளிர் அதன் நேரடி விளைவா, ஐந்து வாரம் கழித்துச் சுழல் வேறுவகையில் நீண்டு வளைந்ததன் விளைவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. எனவே அடுத்த முறை தொலைக்காட்சியில் இந்தச் சொல் வந்தால், எந்தச் சுழல் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

தென்துருவத்தில் இப்படி நடப்பதில்லையா?
– மென்பொருள் பொறியாளர், மெல்பர்ன்

மிக அரிது. தெற்கு அரைக்கோளத்தில் பெரும்பகுதி கடல். அலைகளை எழுப்பும் இமயமலையோ ராக்கியோ அங்கே இல்லை. அதனால் அண்டார்க்டிகாவின் சுழல் தொந்தரவின்றிச் சுற்றுகிறது. அந்தக் கடுங்குளிரில்தான் ஓசோன் துளையும் ஆண்டுதோறும் உண்டாகிறது. அவதானிப்பு தொடங்கிய பிறகு அங்கே பதிவான பெரும் வெப்பமேற்றம் ஒன்றே ஒன்று, 2002 செப்டம்பரில். அப்போது சுழலோடு சேர்ந்து ஓசோன் துளையும் இரண்டாகப் பிளந்த செயற்கைக்கோள் படம் உலகெங்கும் வெளியானது.

2019 செப்டம்பரில் இன்னொன்று ஏறக்குறைய அந்த எல்லையைத் தொட்டது. காற்று திசை மாறவில்லை. ஆனாலும் வேகம் வெகுவாகக் குறைந்தது. அந்த ஆண்டின் ஓசோன் துளை, 1980களின் தொடக்கத்துக்குப் பிறகு கண்ட மிகச் சிறியவற்றுள் ஒன்று. நீங்கள் வசிக்கும் நாட்டில் விளைவு குளிராக வரவில்லை: மேல்காற்றுப் பட்டை வடக்கே நகர்ந்து, கிழக்கு ஆஸ்திரேலியாவின் வசந்த காலத்தை வெப்பமாகவும் வறட்சியாகவும் ஆக்கியது. அதே பருவத்தில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பாதி சூடேறி, கிழக்குப் பாதி குளிர்ந்து கிடந்த இருமுனை நிலையும் மிக வலுவாக இருந்தது. அந்தக் கோடையின் காட்டுத்தீக்கு நிலத்தைக் காயவைத்ததில் இரண்டுக்கும் பங்குண்டு.

ஊட்டியில் ஜனவரியில் புல்வெளி வெண்மையாக உறைகிறதே, அதற்கும் துருவச் சுழலுக்கும் தொடர்பு உண்டா?
– தேயிலைத் தோட்டப் பணியாளர், குன்னூர்

இல்லை. மேகமில்லாத, காற்றசையாத, ஈரம் குறைந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்வதால் படியும் உறைபனி அது. பள்ளத்தில் அதிகமாகவும் மேட்டில் குறைவாகவும் படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தில் தேங்குவதே அதற்குக் காரணம்.

அப்படியானால் நமக்கும் இந்த நிகழ்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையா? வெறும் செய்தியாகத்தான் படிக்க வேண்டுமா?
– முதுநிலை மாணவர், பாளையங்கோட்டை

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஏன் என்பது கடைசியில் புரியும். தொடர்பு இருவழியாகவும் இருக்கிறது.

முதலில், இங்கிருந்து அங்கே. வடகிழக்குப் பருவமழையின்போது நம் வானிலை ஆர்வலர்கள் வாயில் ‘எம்.ஜே.ஓ.’ என்ற சொல் அடிபடுவதைக் கேட்டிருப்பீர்கள். இந்தியப் பெருங்கடலில் கிளம்பி, நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகர்ந்து, 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று வரும் மழைமேகக் கூட்டம் அது. இலங்கையையும் நம்மையும் கடந்து மேற்குப் பசிபிக்கை அடைந்ததும், அங்கு எழும் பெருமழை வடபசிபிக் காற்றோட்டத்தை வளைத்து, அடுக்கு மண்டலத்துக்கு ஏறும் அலைகளை வலுப்படுத்துகிறது. 2018 பிப்ரவரி வெப்பமேற்றத்துக்குச் சற்று முன்பு இந்த மேகக்கூட்டம் அந்தக் கடலின் மேல் வழக்கத்துக்கு மீறிய வலுவோடு நின்றது. ஹாரோவில் அந்த அம்மாவை வீட்டில் அடைத்த பனிக்கு, நம் கடலைக் கடந்து போன மேகத்திலும் ஒரு வேர் இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேலே அடுக்கு மண்டலக் காற்று சுமார் 28 மாதங்களுக்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாகத் திசை மாற்றிக்கொள்வதும் துருவச் சுழலைப் பாதிக்கிறது: அங்கே கீழ்க்காற்று வீசும் குளிர்காலங்களில் துருவச் சுழல் தளர்ந்திருக்கும் போக்கு உண்டு என்பதை 1980இல் ஹோல்ட்டனும் டானும் எடுத்துக்காட்டினார்கள்.

அடுத்து, அங்கிருந்து இங்கே. துருவத்தில் காற்று இறங்கினால், ஈடாக வேறெங்கோ ஏற வேண்டும். வெப்பமண்டலத்தின் மேலே அது மெல்ல ஏறுவதால், துருவம் சூடாகும் அதே நாட்களில் நம் தலைக்கு மேலே அடுக்கு மண்டலம் சில டிகிரி குளிர்கிறது. இதைவிட வியப்பானது இன்னும் மேலே, தரையிலிருந்து 100 கி.மீ.க்குச் சற்று அதிகமான உயரத்தில் நடக்கிறது. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட தும்பாவைத் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். அந்தக் கோட்டின் மேலே, பகல் முழுதும் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மின்னோட்டம் குறுகிய பட்டையாக ஓடுகிறது. கடலில் ஓதம் ஏறி இறங்குவதைப் போலக் காற்றிலும் சூரியனாலும் நிலவாலும் ஓதங்கள் உண்டு. அவையே அந்த மின்னோட்டத்தை இயக்குகின்றன. துருவத்தில் பெரும் வெப்பமேற்றம் நடக்கும்போது, நடுவளிமண்டலக் காற்றின் போக்கு உலகளவில் மாறுவதால் இந்த ஓதங்களும் மாறுகின்றன. குறிப்பாக, நிலவால் எழும் அரைநாள் ஓதம் வலுக்கிறது. அதன் விளைவாகக் காலையில் வலுத்து ஓடும் மின்னோட்டம், பிற்பகலில் திசை திரும்பி, கிழக்கிலிருந்து மேற்காக ஓடத் தொடங்குகிறது. பெருவின் ஹிகமார்க்கா ரேடார் 2008 ஜனவரியில் அயனிமண்டலம் (அந்த மின்னோட்டம் ஓடும், மின்னேற்றத் துகள்கள் நிறைந்த உயர்வெளி) காலையில் மேலெழுந்து பிற்பகலில் கீழிறங்குவதைப் பதிவு செய்ததும் இந்தத் தொடர்பின் அடையாளமே.

இந்தியாவில் இதைக் கண்டறிந்த அளவீடுகளில் முக்கியமானவை எங்கே எடுக்கப்பட்டவை தெரியுமா? இந்திய புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம், கிருஷ்ணாபுரம், திருநெல்வேலி. அங்குள்ள ரேடார் 80 முதல் 100 கி.மீ. உயரத்துக் காற்றையும், காந்தமானிகள் அந்த மின்னோட்டத்தையும் பல ஆண்டுகளாக அளந்துவருகின்றன. துருவத்தில் வெப்பமேற்றம் நிகழ்ந்த நாட்களில் பிற்பகல் மின்னோட்டம் திரும்பியதை அந்தப் பதிவுகளை வைத்தே ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாளையங்கோட்டையிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரம்தான்.